கழற்றிக் கொடுக்க ஒரு பட்டை

அந்த நிகழ்ச்சியில் பரிசுப் பணம் கிடையாது. பார்வையாளர் ஓட்டும் கிடையாது. ஜோர்டான் நாட்டின் வாடி ரம் பாலைவனத்தில் 16 பிரபலங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கூடைப்பந்தாட்டத்தின் டுவைட் ஹோவர்ட், கால்பந்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கார்லி லாய்ட், ஜிம்னாஸ்டிக்ஸ் தங்க மங்கை நாஸ்டியா லியூகின், ‘ஸ்பைஸ் கேர்ள்ஸ்’ மெல் பி, சில நாட்களே வெள்ளை மாளிகைப் பதவியில் இருந்த ஆந்தனி ஸ்கராமூச்சி என்று பல துறைக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை. பெயருக்குப் பதில் எண். அந்த எண்ணைத் தாங்கிய துணிப்பட்டை ஒன்று ஒவ்வொருவர் கையிலும் கட்டப்பட்டிருக்கும்.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்பெஷல் ஃபோர்சஸ்: வேர்ல்ட்ஸ் டஃபஸ்ட் டெஸ்ட்’ அது. அதன் தாய் நிகழ்ச்சி பிரிட்டனில் சானல் 4-ல் 2015-ல் வந்த ‘எஸ்.ஏ.எஸ்: ஹூ டேர்ஸ் வின்ஸ்’. முதலில் சாதாரண மக்களை வைத்து நடத்தினார்கள். 2019 முதல் பிரபலங்களுக்கென்று தனியாக ஒன்று வந்தது. 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. 1941-ல் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் டேவிட் ஸ்டிர்லிங் தொடங்கிய எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையின் ஆள்தேர்வுதான் இவை எல்லாவற்றுக்கும் மாதிரி. பயிற்சி கொடுப்பவர்கள் நடிகர்கள் அல்லர், சிறப்புப் படைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள்.

ஹெலிகாப்டரிலிருந்து முதுகுப்புறமாகத் தண்ணீரில் விழ வேண்டும். பள்ளத்தாக்கின் மேல் கயிற்றில் நடக்க வேண்டும். மூழ்கும் காருக்குள்ளிருந்து வெளியே வர வேண்டும். தூக்கம் குறைவு, சாப்பாடு குறைவு, திட்டு அதிகம். கடைசியில் தலையில் கறுப்புத் துணிப்பையை மாட்டி, எதிரியிடம் சிக்கிய வீரரைப்போல நடத்தி விசாரிப்பார்கள். தாங்க முடியவில்லையா? கைப்பட்டையைக் கழற்றிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அமெரிக்காவின் அந்த முதல் பருவத்தில் கடைசிவரை நின்று தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கார்லி லாய்ட். இன்னொருவர் விளையாட்டு வீராங்கனையே அல்ல, ‘தி பேச்சலரெட்’ என்ற காதல் ரியாலிட்டி ஷோவில் பிரபலமான ஹன்னா பிரவுன்.

பார்க்கத் தொடங்கியபோது என் கண் சவால்கள் மேலேயே இருந்தது. நான்கைந்து எபிசோடுகளுக்குப் பிறகு அது அந்தத் துணிப்பட்டைக்கு நகர்ந்துவிட்டது. இந்த நிகழ்ச்சியில் மனித உடலைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் அறிய வேண்டியதில் பெரும்பகுதி அந்தப் பட்டையில்தான் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன். அதற்கு வருவதற்குமுன் உடலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர்.

மார்கழி அதிகாலையில் கிணற்றடியில் நின்று முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டவர்களுக்கு ஒன்று தெரியும். தண்ணீர் முதுகில் இறங்கும் நொடியில் வாய் தானாகத் திறந்து ‘ஹா’ என்று மூச்சை உள்ளே இழுக்கும். இழுக்கக் கூடாது என்று நினைத்தாலும் நிற்காது. ஐந்தாவது சொம்பில் அந்தத் திடுக்கிடல் போய்விடும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உண்மையில் அவ்வளவு குளிரானதே அல்ல. அதையே 10, 12 டிகிரி செல்சியஸ் ஏரித் தண்ணீராக்கி, சொம்புக்குப் பதில் முழு உடம்பும் ஒரே நேரத்தில் அதில் விழுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். தோலில் உள்ள குளிர் உணரிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே இரண்டு மூன்று லிட்டர் காற்றை ஒரே இழுப்பில் இழுக்கிறோம். பிறகு மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்கக்கூடியவரால் குளிர்ந்த நீரில் பத்து நொடிகூட அடக்க முடியாமல் போகலாம். அந்த முதல் இழுப்பு நடக்கும் நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்துவிட்டால் கதை முடிந்தது. குளிர்ந்த நீரில் விழுந்து இறப்பவர்களில் பலர் உடல் விறைத்துச் சாவதில்லை. விறைப்பதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். அதற்கு வெகு முன்பே, முதல் சில நிமிடங்களிலேயே, மூச்சு தப்பி மூழ்கிவிடுகிறார்கள்.

நல்ல செய்தி, இந்த அதிர்ச்சி அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கிவிடும். அதனால்தான் பிரிட்டிஷ் கடலோர மீட்புப் படகு அமைப்பினர், தண்ணீரில் விழுந்தால் உடனே நீந்தப் பார்க்காதீர்கள், மல்லாந்து மிதந்து மூச்சு வசப்படும்வரை காத்திருங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

இன்னொரு செய்தி எனக்கு இன்னும் வியப்பானது. குளிர்ந்த நீரில் சில நிமிடம் வீதம் ஐந்தாறு முறை இறங்கி ஏறினாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஓராண்டுக்கு மேல் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்து திரும்பி வந்தாலும் அந்தப் பழக்கத்தில் ஒரு பங்கு உடம்பில் மிச்சமிருப்பதை டிப்டன் குழு கண்டது. 1994-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரனுக்கு வயது 12. கோடையிலும் 18 டிகிரியை ஒட்டியே இருக்கும் கடல் அது. வெயில் நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் குளிர் பழகும்.

ஆகவே, முதல் நாள் தண்ணீரைக் கண்டு அலறிய ஒரு நடிகை ஆறாவது நாள் அமைதியாக மூழ்கி எழும்போது, பின்னணியில் வீர இசை ஒலித்தாலும், ‘மனத்தை வென்றுவிட்டார்’ என்று நாம் கண்கலங்கினாலும், அந்த வெற்றியில் தோலுக்கும் மூளைத்தண்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இப்படிச் சொல்வதால் அவர் துணிச்சல் குறைந்துவிடாது. முதல் முறை இறங்கியதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருந்தது. அடுத்த ஐந்து முறையில் உடல் தன் பாடத்தைத் தானே படித்துக்கொண்டது.

உயரத்துக்கும் இதுபோல ஒரு கதை உண்டு. 1960-களில் அமெரிக்காவில் வால்டர் ஃபென்ஸ், சீமோர் எப்ஸ்டைன் என்ற இரு உளவியலாளர்கள் பாராசூட் குதிப்பவர்களைப் பரிசோதித்தார்கள். புதியவர்களையும் அனுபவசாலிகளையும் விமானத்தில் ஏற்றி, தரையிலிருந்து குதிக்கும் நொடிவரை இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றை அளந்தார்கள். புதியவர்களுக்கு விமானம் ஏற ஏற எல்லாம் ஏறி, கதவருகே உச்சத்தைத் தொட்டன. அனுபவசாலிகளுக்கும் ஏறத்தான் செய்தது. ஆனால் உச்சம் முன்னாலேயே வந்துவிட்டது. குதிக்கும் நேரம் நெருங்க நெருங்க அவர்கள் உடல் அடங்கிக்கொண்டே வந்தது.

பழகியவருக்கும் பயம் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்துக்கு அது முன்கூட்டியே நகர்ந்துவிடுகிறது. மேடைப் பேச்சாளர்களும், கச்சேரிக்குப் போகும் வித்வான்களும், அறுவை சிகிச்சை அரங்குக்குள் நுழையும் மருத்துவர்களும் இதைத் தங்கள் அனுபவத்தில் அறிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஹெலிகாப்டர் விளிம்பில் முதுகைக் காட்டி உட்காரும் ஒரு பாடகரால் பத்து நாளில் இந்த நிலையை எட்ட முடியாது. அவர் பயத்தின் உச்சத்திலேயே விழுகிறார். விழுந்துவிடுகிறார் என்பதுதான் எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

பளு தூக்கி மலையேறும்போது என்ன நடக்கிறது? கால் தசை ஓய்ந்துபோவதால்தான் ஒருவர் உட்கார்ந்துவிடுகிறார் என்று தோன்றும். 2009-ல் சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருநாள் அவர்கள் கணினி முன்னால் ஒன்றரை மணி நேரம், கவனத்தைச் சிதறவிடவே முடியாத ஓர் அலுப்பான வேலையைச் செய்தார்கள். இன்னொரு நாள் அதே ஒன்றரை மணி நேரம் ஆவணப்படம் பார்த்தார்கள். இரண்டு நாளும் அதற்குப் பிறகு உடற்பயிற்சி சைக்கிளில், இனி முடியாது என்னும்வரை மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 நொடி. மூளை களைத்த நாளில் 640 நொடி. இதயத்தையும் நுரையீரலையும் ரத்தத்தின் லாக்டேட்டையும் அளந்து பார்த்ததில் இந்த வித்தியாசத்தை விளக்கும்படி எதுவும் அகப்படவில்லை. மாறியது ஒன்றுதான்: ‘எவ்வளவு கடினமாக இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில். தசை அப்படியே இருக்க, சுமையின் உணர்வு மட்டும் கூடியிருந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சியைப் பார்த்தால் பயிற்சியாளர்கள் செய்வது வேறு மாதிரி தெரியும். நடுராத்திரியில் எழுப்புகிறார்கள். காலணியின் நாடா சரியில்லை என்று கத்துகிறார்கள். ஒரு அறிவிப்பை ஒரு முறை மட்டும் சொல்லி, பிறகு அதில் கேள்வி கேட்கிறார்கள். இவை மலையேற்றத்தோடு சம்பந்தமே இல்லாதவை. ஆனால் ஒவ்வொன்றும் அடுத்த நாள் ஏற்றத்தைச் செங்குத்தாக்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் சீல் பயிற்சியில் ‘நரக வாரம்’ என்ற ஒன்று உண்டு. ஐந்தரை நாளில் மொத்தமாகச் சுமார் நான்கு மணி நேரத் தூக்கம். 2002-ல் ஹாரிஸ் லீபர்மன் குழு அங்கே 68 பயிற்சி வீரர்களைச் சோதித்தது. மூன்று நாள் தூக்கமின்றி இருந்தபின் அவர்களின் கவனம், நினைவு, மனநிலை எல்லாம் மோசமாகச் சரிந்திருந்தன. 200 மில்லிகிராம் காஃபின், அதாவது இரண்டு டம்ளர் நல்ல ஃபில்டர் காபியில் கிடைக்கக்கூடியது, விழிப்பைக் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தது. நினைவை முழுதாக மீட்க அதனால் முடியவில்லை.

ஒலிம்பிக் வீரர்கள் சிலரே பட்டையைக் கழற்றும்போது ஹன்னா பிரவுன் ஏன் நின்றார் என்பதற்கு என்னிடம் ஒற்றை விடை இல்லை, அப்படி ஒரே ஒரு விடை இருக்க முடியும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் விளையாட்டு வீரரின் உடல் ஒழுங்குக்குப் பழகியது. இத்தனை மணிக்கு உணவு, இத்தனை மணி நேரத் தூக்கம், இந்த நாளில் இந்தப் போட்டி. எப்போது முடியும் என்று தெரிந்த வலியைத் தாங்குவதில் அவர்கள் வல்லவர்கள். இங்கே எந்த ஓட்டத்துக்கும் முடிவுக் கோடு எங்கே என்று யாரும் சொல்வதில்லை.

இனி அந்தப் பட்டைக்கு வருவோம்.

1960-களின் இறுதியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இரைச்சலைப் பற்றி ஆராய்ந்தார்கள். ஸ்பானிய மொழிப் பேச்சு, ஆர்மீனிய மொழிப் பேச்சு, தட்டச்சுப் பொறி, படியெடுக்கும் இயந்திரம் ஆகியவற்றின் ஓசைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து, யாருக்கும் எதுவும் புரியாத ஒரு கூச்சலைத் தயாரித்தார்கள். அதை 108 டெசிபல் அளவில், எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி, விட்டுவிட்டு ஒலிக்கச் செய்தார்கள். கேட்டுக்கொண்டே கணக்குப் போட வேண்டும். பாதிப் பேருக்கு ஒரு பொத்தானைக் காட்டினார்கள். ‘தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது’ என்கிற மாதிரி சொல்லிவைத்தார்கள்.

பிறகு எல்லோருக்கும் சில புதிர்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் விடையே இல்லாத புதிர்களும் இருந்தன. எவ்வளவு நேரம் விடாமல் முயல்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அவற்றைச் சேர்த்திருந்தார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். பொத்தான் இருந்தவர்கள் அவர்களைப்போலப் பல மடங்கு அதிக முறை முயன்றார்கள். பிழை திருத்தும் வேலையிலும் இவர்கள் விட்ட தவறுகள் குறைவு. இரு பிரிவினரும் கேட்டது ஒரே சத்தம், ஒரே நேர அளவு. பொத்தானை அவர்கள் அழுத்தவில்லை. அது கையெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் வாழ்க்கையின் எத்தனையோ இடங்களுக்கு இது பொருந்துகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிற வேலையில் படும் கஷ்டமும், இல்லாத வேலையில் படும் கஷ்டமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகத்தான் தெரியும்.

இதற்கு அடியில் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் துலங்கியது. 1967-ல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவு நாய்களால் பலகையைத் தலையால் அழுத்தி அதிர்ச்சியை நிறுத்திக்கொள்ள முடிந்தது. இன்னொரு பிரிவுக்கும் அதே அதிர்ச்சி, அதே கால அளவு, ஆனால் அவை எதைச் செய்தும் பயனில்லை. அடுத்த நாள், சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற கூண்டில் விட்டபோது, இரண்டாம் பிரிவு நாய்களில் பெரும்பாலானவை தாண்டவே முயலவில்லை, படுத்தபடி தாங்கிக்கொண்டன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த நாய்கள் பட்ட பாட்டை நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது அரிது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-ல், அதே இருவரும் தங்கள் கொள்கையைத் தாங்களே தலைகீழாகத் திருப்பினார்கள். கையறுநிலை கற்றுக்கொள்வது அல்ல, நீண்ட துன்பத்தில் மூளை இயல்பாகவே போய்ச் சேரும் இடம் அதுதான் என்றார்கள். மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி விடாமல் தூண்டப்பட்டு உடலை முடக்கிப் போடுகிறது. ‘இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளைப் பகுதி கண்டுகொண்டால், அது கீழே செய்தி அனுப்பி அந்த முடக்கத்தைத் தடுக்கிறது. அப்படியானால் உண்மையில் கற்கப்படுவது கையறுநிலை அல்ல, கட்டுப்பாடு. ஒருமுறை கற்ற மூளை அடுத்த துன்பத்திலும் அந்தப் பாடத்தைப் பயன்படுத்துகிறது.

வாடி ரம்மில் ஒவ்வொருவரும் கையில் கட்டியிருந்தது இந்தப் பொத்தானைத்தான். சீல் பயிற்சி மைதானத்திலும் ஒரு பித்தளை மணி உண்டு. மூன்று முறை அடித்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கீழே வைத்தால் வெளியே வந்துவிடலாம். பயிற்சியின் கொடுமை அவ்வளவையும் தாங்கக்கூடியதாக்குவது, அடிக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த மணிதான்.

ஆனால் அழுத்தாத பொத்தானுக்கு ஆபத்தான மறுபக்கம் ஒன்றும் உண்டு. 2013 ஜூலை 13 அன்று வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் எஸ்.ஏ.எஸ். ரிசர்வ் படைத் தேர்வுக்காக வீரர்கள் முதுகுச் சுமையோடு சுமார் 26 கிலோமீட்டர் நடந்தார்கள். அந்த ஆண்டின் மிக வெப்பமான நாட்களில் ஒன்று அது. சென்னைவாசிக்கு அந்த வெயில் சாதாரணம். ஆனால் தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் அசைவாகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். சுமையோடு மலையேறும் உடல் தனக்குள்ளேயே அடுப்பெரித்துக்கொண்டு போகிறது. வியர்வை ஆவியாகும் வேகத்தைவிட அடுப்பின் வேகம் கூடிவிட்டால் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டும். அப்போது முதலில் குழம்புவது மூளை. நிற்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய உறுப்பே முதலில் கெடுகிறது. ‘தேறிவிட வேண்டும்’ என்ற ஆசை கடைசிவரை எரிந்துகொண்டிருக்கிறது.

மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தார்கள். நகராமல் நின்றுவிட்ட புள்ளியைத் திரையில் பார்த்தவர்கள் உடனே ஓடவில்லை. அலட்சியமும் இந்த மரணங்களுக்குக் காரணம் என்று 2015-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குளிரிலும் இப்படி நடந்திருக்கிறது. 1995 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில், வெப்ப மாநிலமான ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத் தண்ணீரில் மணிக்கணக்கில் நின்ற நான்கு பேர் உடல் குளிர்ந்து இறந்தார்கள். விடாமுயற்சியைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் இந்த ஏழு பேரையும் நினைத்துக்கொள்வது நல்லது என்பேன். வெப்ப மயக்கத்தில் விழுந்தவரை முதலில் ஐஸ் தண்ணீரில் குளிரவைத்துவிட்டுப் பிறகுதான் மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது இன்றைய விளையாட்டு மருத்துவத்தின் உறுதியான விதி. நம் ஊரில் சித்திரை வெயிலில் நடக்கும் காவலர் தேர்வு ஓட்டங்களிலும் மாரத்தான்களிலும் ஒரு தொட்டி ஐஸ் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நிகழ்ச்சியின் கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். தலையில் துணிப்பை. காதைத் துளைக்கும் சத்தம். உடல் வலிக்கும் ஒரே நிலையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பிறகு விசாரணை.

இதற்கும் உண்மையான மூலம் உண்டு. எதிரியிடம் சிக்கினால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று அமெரிக்கப் படையினருக்கு ‘சியர்’ என்ற பயிற்சி கொடுக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் சார்லஸ் மார்கன் அங்கே போய் வீரர்களின் ரத்தத்தையும் உமிழ்நீரையும் சோதித்தார். போலிச் சிறைதான், விசாரிப்பவர்கள் தம் நாட்டுக்காரர்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மிகக் கடுமையாக ஏறியது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் சில மணி நேரத்திலேயே சரிந்தது. சிறப்புப் படை வீரர்களிடம் நியூரோபெப்டைட் ஒய் என்ற வேதிப்பொருள் மற்றவர்களைவிட அதிகமாகச் சுரந்ததை 2000-ல் வெளியிட்ட ஆய்வில் அவர் குறிப்பிட்டார். மூளையின் அபாயச் சங்கு ஓயாமல் அலறுவதை அடக்கும் வேலையைச் செய்யும் பொருள் அது.

2004-ல் வந்த இன்னொரு ஆய்வு நீதிமன்றங்களைக் கலங்க வைக்க வேண்டியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களிடம், உங்களை அரைமணி நேரத்துக்கும் மேலாக முகத்துக்கு முகம் விசாரித்தவர் யார் என்று ஒருநாள் கழித்துக் கேட்டார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டியபோது, கடுமையாக நடத்தப்பட்ட விசாரணையில் தம்மை மிரட்டியவரைச் சரியாக அடையாளம் காட்டியவர்கள் சுமார் 30 சதவீதம். மென்மையான விசாரணையில் இது 62 சதவீதம். ‘அந்த முகம் சாகும்வரை மறக்காது’ என்று நாம் சொல்வது உண்மை என்று நம்பித்தான் எத்தனையோ பேர் சிறைக்குப் போயிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே நிலை இதுவென்றால், கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் போலீஸ் நிலையத்தில் ‘இவன்தானா, நல்லா பாத்துச் சொல்லும்மா’ என்று கேட்பதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

‘சியர்’ பயிற்சியின் இன்னொரு வரலாறு இருள் நிறைந்தது. அங்கே உளவியலாளர்களாக இருந்த ஜேம்ஸ் மிட்செலும் புரூஸ் ஜெசனும் 2002 முதல் சி.ஐ.ஏ.வின் ரகசியச் சிறைகளுக்கு விசாரணை முறைகளை வகுத்துக் கொடுத்தார்கள். வீரர்களைத் தாக்குப்பிடிக்கப் பழக்கிய அதே உத்திகளைக் கைதிகளை உடைக்கத் திருப்பிவிட்டார்கள். செலிக்மனின் நாய்களிடமிருந்து கிடைத்த கையறுநிலைதான் அதற்கு அடிப்படை. 2014 டிசம்பரில் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. தன் அறிவியல் இப்படிப் பயன்பட்டதற்காகச் செலிக்மன் வெளிப்படையாக வருந்தினார்.

அதற்கும் முன்னால் 1971-ல் வட அயர்லாந்து. பிரிட்டிஷ் படையினர் விசாரணையின்றிப் பிடித்தவர்களில் 14 பேரைத் தனியே பிரித்து, பாலிகெல்லி என்ற விமானத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். தலையில் துணிப்பை. இடைவிடாத இரைச்சல். சுவரில் கைகளை ஊன்றியபடி நிற்க வைத்தல். தூக்கம் இல்லை. உணவும் தண்ணீரும் மிகக் குறைவு. இந்த ஐந்தும் சேர்ந்து சுமார் ஒரு வாரம். தொலைக்காட்சியில் பிரபலங்கள் தாண்டும் சவாலின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. 1972 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத் இம்முறைகளுக்குத் தடை விதித்தார். 1978-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது மனிதத்தன்மையற்றது, இழிவுபடுத்துவது என்றது. ஆனால் சித்திரவதை என்று சொல்ல மறுத்தது. இன்றைய அளவுகோலின்படி சித்திரவதை என்றே கருதப்பட வாய்ப்பிருக்கிறது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொன்னது. அதற்குள் அந்த 14 பேரில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். பலர் வாழ்நாள் முழுதும் தூக்கம் கெட்டு, பயக்கனவுகளோடு வாழ்ந்தார்கள்.

அவர்களில் சிலர் சொன்ன ஒரு விஷயம், வாடி ரம் நிகழ்ச்சியைப் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. முகத்தை மூடியபடி அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். நூற்றுக்கணக்கான அடி உயரத்தில் பறக்கிறோம், இப்போது கீழே தள்ளப் போகிறோம் என்றார்கள். தள்ளவும் செய்தார்கள். ஹெலிகாப்டர் தரையிலிருந்து சில அடி உயரத்தில்தான் நின்றிருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது, கழற்றிக் கொடுக்க அவர்கள் கையில் பட்டை எதுவும் இல்லை.